அலைந்து திரிந்தமை

பொலிஸ் அறிக்கை சிங்களத்தில் இருக்கும்.
நான் தமிழில் சொல்வேன்:
"மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு அருகே
அலைந்து திரிந்தமை."
பதினொரு வருடமாய் இதே வரி.
வெள்ளைக்காரன் எழுதி வைத்துப் போனது.

யோகமலர் அலையவில்லை.
நின்றாள்.
மூடிய செருப்புக் கடையின் படியில்,
மாரி மழைக்கு ஒதுங்கி.
வினைச்சொல்லைத் திருத்தும் அதிகாரம்
மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை.

மேசையில் சான்றுப்பொருள்:
ஆணுறை மூன்று, உறை பிரிக்காதவை.
போன செவ்வாய் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில்
அரசாங்கம் எண்ணிக் கொடுத்தது.
வெள்ளி இரவு
அரசாங்கம் எண்ணி எடுத்தது.
பக்கத்தில் ஒரு சீப்பு,
பாதி முடிந்த பனடோல் கார்ட்,
நூற்றி எண்பது ரூபாய்.

"குற்றவாளியா, சுற்றவாளியா?"

சுற்றினாய் என்பது வழக்கு.
சுற்றவாளி என்றால் விடுதலை.
இந்தத் தமிழைச் செய்தவர்
சிரித்துக்கொண்டே செய்திருக்க வேண்டும்.
யோகமலர் சிரிக்கவில்லை. என் பக்கம் கிறுகி,
"குற்றவாளி எண்டே சொல்லுங்ககா.
இல்லாட்டி மறுகா ஒரு தவணை,
மறுகா ஒரு நாள் உழைப்புப் போகும்."

அபராதம் கட்டினாள்.
கட்டியதை உழைக்க
அன்றிரவு அதே படி.

பங்குனியில் கல்லடியில் ஒரு ஹோட்டல் மண்டபம்.
எல்லோர் காதிலும் கருவி,
கண்ணாடிப் பெட்டிக்குள் நான்.
சட்டமாக்குவதா, குற்றமில்லை என்று விட்டுவிடுவதா,
வாங்குபவனை மட்டும் பிடிப்பதா?
கொழும்புச் சட்டத்தரணி
திரையில் மூன்று நாடுகளை அடுக்கினார்.
காப்பகம் நடத்தும் ஒரு பெண் எழுந்து
"இது தொழிலில்லை, அடி" என்றார்.
அவர் குரல் நடுங்கியது.
அவரும் பொய் சொல்லவில்லை.
ஒருவர் கலாசாரம் என்றார்,
நாலு தரம்.

யோகமலருக்கு ஏழு நிமிடம்.
பேசுபவர் "நான்" என்றால்
பெட்டிக்குள் இருப்பவளும் "நான்" என்றே சொல்ல வேண்டும்.
அது எங்கள் விதி.
நான் படியில் நின்றேன்.
என்னைக் கூந்தலில் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள்.
என் மகள் ஏழாம் வகுப்பு.

பிறகு அவள் கேட்டாள்:
"சட்டமாக்கினா எங்கட பேரப்
பொத்தகத்தில பதிவிங்களா?
அந்தப் பொத்தகம் ஆர்ர கையில இரிக்கும்?"

நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும்
தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார்கள்.
இந்த ஊரில் பட்டியல் என்றால் என்னவென்று
கொழும்புக்காரருக்கு யார் சொல்வது?
சாக்குக்குள் இருந்த தலை ஆடியது,
வரிசையிலிருந்து ஆள் குறைந்தது.
அவள் அண்ணன் பேரும் ஒரு தாளில் இருந்தது,
தொண்ணூறாம் ஆண்டு.

பொத்தகத்தைப் "பதிவேடு" என்று
சிங்களத்தில் போட்டேன். சரியான சொல்தான்.
சொல் மட்டும் போய்ச் சேர்ந்தது.

"பேரும் வேணாம், பொலிசும் வேணாம்.
மகள்ர பள்ளிக்கூடக் கடதாசியில
தாயின் தொழில் எண்டு ஒரு கோடு இரிக்கி.
தையல் எண்டு எழுதிறன்.
ஊசியில நூல் கோக்கவும் தெரியா எனக்கு."
சிலர் சிரித்தார்கள், அவளும்.
மணி அடித்தது.
இன்னும் இருபது விநாடி இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, கல்முனை பஸ்.
நானும் என் மச்சாளும்.
ஆரையம்பதியில் அவள் ஏறினாள்,
கையில் மரக்கறிப் பை.
என்னைக் கண்டாள்.
கண்டதாய்க் காட்டாமல்
பின்னால் போய் நின்றாள்.
கோர்ட்டிலும் மண்டபத்திலும்
அவளுக்காகப் பேசச் சம்பளம் வாங்கியவள் நான்.
எனக்காக அவள்
சும்மா, வாயை மூடிக்கொண்டாள்.

"ஆரது?" மச்சாள் கேட்டாள்.
"தெரியா" என்றேன்.

கண்டக்டர் மிச்சக் காசை
அவள் கையில் வைக்கவில்லை.
இருக்கை விளிம்பில் வைத்துவிட்டு நகர்ந்தான்.
பஸ் குலுங்கியது.
ஒரு நாணயம் உருண்டு
என் காலடிக்கு வந்தது.